ஒலிபெருக்கி இல்லாத மாலைகள்

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து, ரதவீதிக் கம்பங்களில் கட்டிய குழாய்களை இறக்கிய பின்புதான் சங்கரன்கோவிலில் காகம் கரைவதே காதில் விழும். அந்த அமைதியை வீணாக்க வேண்டாமென்று, வரும் ஆவணி முதல் மாதம் ஒரு மாலை நண்பர் ஒருவரின் பழைய வீட்டு முற்றத்தில் இசையும் கவிதையும் கேட்பதென நாங்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். நெருக்கி உட்கார்ந்தால் அறுபது பேர் கொள்ளும். முதலில் நாதஸ்வரம், பிறகு ஜாஸ் இசைத்தட்டுகள், காவடிச்சிந்து, புதுக்கவிதை வாசிப்பு. ஒலிபெருக்கி கிடையாது.

இந்தக் கடைசி வாக்கியத்தால்தான் எங்களுக்குள்ளேயே சண்டை. மைக் இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்கிறார்கள். மைக் இருந்தால் யார் கேட்பார்கள் என்பதே எங்கள் பதில்.

காவடிச்சிந்தையே எடுத்துக்கொள்வோம். அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சென்னிகுளம் நமக்குப் பக்கத்து ஊர். முப்பது வயதைக்கூட எட்டாமல் மறைந்தவர். ஊற்றுமலை ஜமீன்தாரின் ஆதரவில் கழுகுமலை முருகன்மேல் அவர் பாடியவை, காவடியோடு நடப்பவனின் காலடியைத் தாளமாகவும் அவன் மூச்சை அளவாகவும் கொண்டவை. அந்த நடைக்குள் எத்தனை இயைபு, எத்தனை மடக்கு! இன்றோ அது இரண்டு இடங்களில்தான் கிடைக்கிறது. பாடநூலில் ஓசையின்றிக் கிடக்கிறது. திருவிழாவில் கீபோர்டும் டிரம்மும் சொல்லை விழுங்கிவிடத் தாளம் மட்டும் மிஞ்சுகிறது. சொல்லும் தாளமும் ஒன்றாகக் காதில் விழ, பாடுபவரின் உதடு தெரியும் தூரத்தில் உட்கார வேண்டும். வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இது புதுமை அல்ல. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டி ஒரு முற்றம்தான். அங்கே கூடியவர்கள் ஒரு பாட்டைப் பொருள் சொல்லித் தாண்டிவிடவில்லை. திரும்பத் திரும்பப் பாடிக் கேட்டார்கள். டி.கே.சி.யின் ரசனைத் தீர்ப்புகள் எல்லாவற்றோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. பாடங்களைத் திருத்திய அவருடைய துணிச்சல் சில இடங்களில் அத்துமீறலே. ஆனாலும் கவிதை காதால் அறியப்படுவது என்பதை அந்த முற்றம் நிறுவியது.

ஜாஸ் நமக்கெதற்கு என்றும் கேட்கிறார்கள். சார்லஸ் மிங்கஸின் குழுவில் சாக்ஸபோன் வாசித்த அமெரிக்கர் சார்லி மரியானோ தென்னிந்தியாவுக்கு வந்து நாதஸ்வரம் பயின்றார். தம் இசைத்தட்டுகளிலும் அதை வாசித்தார். 1983இல் பெங்களூர் ஆர்.ஏ. ரமாமணியோடும் கர்நாடகா தாளவாத்தியக் கல்லூரிக் குழுவினரோடும் அவர் பதிவு செய்த 'ஜோதி'தான் எங்கள் ஜாஸ் மாலையின் முதல் தட்டு. சாகித்யமே இல்லாமல் மணிக்கணக்கில் ராகம் பாடிய விளாத்திகுளம் சுவாமிகளைக் கொண்டாடிய கரிசல் மண்ணுக்கு, எழுதிவைக்காததை அந்தக் கணத்தில் வாசிப்பது அந்நியமாக இருக்க நியாயமில்லை. அரனும் அரியும் ஓருடலில் நிற்கும் ஊரில் இதற்குமேல் விளக்கம் சொல்வது மிகை.

ஒரு சங்கடத்தை மறைப்பதற்கில்லை. நாதஸ்வரம் திறந்த வெளிக்குப் பிறந்த வாத்தியம். கூரையிட்ட சிறு அறையில் அது காதைக் கிழிக்கும். அதனால்தான் முற்றம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தோம். மழை வந்தால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் விடையில்லை.

நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். இலக்கியக் கூட்டத்துக்குக் காசா என்று முகம் சுளிப்பவர்கள், முகூர்த்தத்தில் 'கெட்டிமேளம்' என்று விரலை ஆட்டி ஒரு கலைஞனின் ராகத்தைப் பாதியில் வெட்டியதை நினைத்துப் பார்க்கட்டும். காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த சீமையில், நாதஸ்வரக்காரருக்கு இரண்டு மணி நேரம் குறுக்கிடாமல் வாசிக்க இடம் கொடுப்பது தர்மம் அல்ல, பாக்கி. வசூலாகும் தொகை முழுவதும் வாசிப்பவருக்கே. காப்பிச் செலவு எங்களுடையது.

முதல் மாலைக்கு ஒப்புக்கொண்டிருக்கும் பெரியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தோடியை எடுத்தா முடிக்க விடுவீங்களா?" விடுவோம் என்று சொல்லியிருக்கிறோம்.