பிள்ளைகள் கேட்கட்டும், பெரியவர்கள் பதில் சொல்லுங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. நான்கு நாட்களாக ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் ஓடும் குரல் பதிவுகளைக் கேட்டவர்கள், தயவுசெய்து இதையும் கடைசி வரை வாசியுங்கள்.

விடயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உயர்தரக் கலைப் பிரிவு மாணவர்கள் சிலர் தங்கள் குழுச் செயற்திட்டத்துக்கு ஒரு தலைப்பை எடுத்தார்கள். நமது ஊருக்கும் பக்கத்துத் தமிழ் ஊருக்கும் இடையில் பிரிவு எப்படி வந்தது, அதைச் சரிசெய்ய என்ன வழி என்பதுதான் தலைப்பு. பக்கத்து ஊர்ப் பாடசாலை மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு ஊரிலும் ஒரே வினாக்கொத்து. பகல் நேரத்தில், ஆசிரியர் ஒருவருடன், வீடு வீடாகப் போய்க் கேட்பது. பதில்களைத் தொகுத்து இரண்டு பாடசாலையிலும் வாசிப்பது. அவ்வளவுதான்.

அதற்குள் என்னென்ன கதைகள்! "படிக்கப் போன புள்ளைகளுக்கு இது என்னத்துக்கு?" "ஆறின புண்ணைக் கிளறுறாங்க." "இதுக்குப் பின்னால எந்த என்ஜிஓ?" "முதல்ல அவங்க செஞ்சத அவங்க ஒத்துக்கொள்ளட்டும்." பெற்றோர் சிலர் வந்து அனுமதிக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வேலை பாதியில் நிற்கிறது.

என்ஜிஓ கேள்விக்கு ஒரு வரியில் பதில். போட்டோக்கொப்பிக் காசைப் பிள்ளைகள் தங்களுக்குள் பங்கு போட்டுக் கட்டினார்கள். வேறு காசு இல்லை. "யாருடைய அனுமதி?" என்று கேட்பவர்களுக்கு: சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையைக் கல்வி அமைச்சு 2008 இலேயே வெளியிட்டுவிட்டது. அலுமாரியில் கிடந்ததைப் பிள்ளைகள் செய்து பார்க்கிறார்கள்.

இனி மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன்.

"ஆறின புண்" என்கிறீர்கள். ஆறிவிட்டதா? தேர்தல் வந்தால், காணிப் பிரச்சினை வந்தால், கல்முனை பிரதேச செயலகக் கதை வந்தால் ஒரே இரவில் எல்லாம் வெளியே வருகிறதே. 2019 ஜூனில் கல்முனை வடக்கைத் தரமுயர்த்தச் சொல்லி அங்கே உண்ணாவிரதம் இருந்தார்கள், இங்கே எதிர்ப்புப் போராட்டம். அந்த நாட்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முகநூலில் எழுதியதை நான் வாசித்தேன். 1990 இல் பிறந்தே இருக்காத பிள்ளைகள், 1990 ஐ நேரில் கண்டவர்களைப்போல எழுதினார்கள். யார் சொல்லிக் கொடுத்தது? அவர்கள் படிக்கும் வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் அது இல்லை. நாங்கள்தான் சொன்னோம். திண்ணையில், கடையடியில், சாப்பாட்டு மேசையில், பாதிக் கதையாகச் சொன்னோம்.

பாதிக் கதை என்று ஏன் சொல்கிறேன்?

1990 ஓகஸ்ட் 3, காத்தான்குடி. இஷாத் தொழுகையில் நின்றவர்களை மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஷஹீதானார்கள். சுவரில் சன்னம் பட்ட இடங்கள் இன்றும் இருக்கின்றன. அதே மாதம் 11 ஆம் திகதி இரவும் 12 ஆம் திகதி அதிகாலையும் ஏறாவூர். குழந்தைகளைக்கூட விடவில்லை. ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுப்பேரும் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். இதை நமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். மறக்கச் சொல்பவன் நான் அல்ல.

ஆனால் அதே ஓகஸ்ட் 12, வீரமுனை. பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ்ச் சனங்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஊர்காவல் படையினரும் அதில் இருந்தார்கள் என்று தப்பியவர்கள் சாட்சி சொல்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அங்கே விளக்கேற்றி அழுகிறார்கள். நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஏறாவூருக்கும் வீரமுனைக்கும் ஒரே திகதி. நமது பிள்ளைக்கு ஏறாவூர் மட்டும் தெரியும், அவர்களின் பிள்ளைக்கு வீரமுனை மட்டும் தெரியும். இரண்டு பிள்ளைகளும் ஒரு மேசையில் இருந்து ஒரே கலண்டரைப் பார்க்கும்போதுதான் முழுக்கதையின் அளவு விளங்கும்.

"அவங்க முதல்ல ஒத்துக்கொள்ளட்டும்" என்கிறவர்களுக்கும் இதுதான் பதில். பக்கத்து ஊரிலும் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். இரண்டு பேரும் மற்றவர் முதலில் வரட்டும் என்று நின்று முப்பது வருடங்களுக்கு மேல் போய்விட்டது. ஒரு வினாக்கொத்து இரண்டு ஊர்க் கதவையும் ஒரே நாளில் தட்டினால் முதல், இரண்டாவது என்ற பேச்சே இல்லை. அதற்காகத்தான் பிள்ளைகள் சேர்ந்து செய்யத் தீர்மானித்தார்கள். பெரியவர்களுக்கு வராத யோசனை அவர்களுக்கு வந்தது.

இன்னொன்றை நினைவுபடுத்துகிறேன். 2018 பெப்ரவரி, அம்பாறை நகரம். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று கதை கட்டினார்கள். இரவோடு இரவாகக் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. மாத்திரையும் இல்லை, மண்ணும் இல்லை, சாப்பாட்டில் இருந்தது மாவுக் கட்டி. கேட்டுப் பார்க்காமல் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டில் அதிக விலை கொடுத்தவர்கள் நாங்கள். வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா அல் ஹுஜுராத் சொல்வதை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்? பிள்ளை விசாரிக்கப் போகும்போது மட்டும் கையைப் பிடித்து இழுக்கிறோம்.

நமது ஊரிலும் மாவுக் கட்டிக் கதைகள் இல்லையா? பக்கத்து ஊராரைப் பற்றி நாங்கள் நம்பும் கதைகளை யார் பரிசோதித்தார்கள்?

வினாக்கொத்தில் அப்படி என்ன பயங்கரமான கேள்விகள் இருந்தன என்று பாருங்கள். உங்கள் போனில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் இலக்கம் இருக்கிறதா? கடைசியாக எப்போது அவர் வீட்டில் தேநீர் குடித்தீர்கள்? அந்த ஊராரைப் பற்றி நீங்கள் நம்பும் கதை என்ன, அதை உங்களுக்கு யார் சொன்னார்? உங்கள் காணி, வயல், வீடு எதையாவது இழந்தீர்களா? உங்கள் பிள்ளை அவர்களின் பிள்ளையைச் சந்திக்கும் இடம் எது?

வேலை நிற்பதற்கு முன்பு போன கொஞ்ச வீடுகளிலேயே பிள்ளைகள் இரண்டு விடயங்களைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். முதலாவது, இரண்டு ஊரிலும் ஒரே முறைப்பாடு: "எல்லாம் அவங்களுக்குத்தான் போகுது." வேலை, காணி, நிதி, எல்லாம். இரண்டு பேருக்கும் போகவில்லை என்றால் எங்கேதான் போகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். பட்ஜெட் பற்றி நான் ஒரு தவணை படிப்பித்தாலும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது.

இரண்டாவது, வயதானவர்கள் பெயர் சொல்கிறார்கள். கூட வயல் செய்தவர், கூடப் படித்தவர், பிள்ளை பிறந்தபோது வந்து நின்ற பெண். வாலிபர்களுக்குச் சொல்ல ஒரு பெயர்கூட இல்லை. யுத்தத்தை அனுபவித்தவர்களிடம் நட்பின் ஞாபகம் இருக்கிறது. யுத்தத்தை அனுபவிக்காதவர்களிடம் பகையின் ஞாபகம் மட்டும் இருக்கிறது. இது எனக்கு நித்திரையைக் கெடுத்த விடயம்.

காரணம் தேடத் தூரம் போகத் தேவையில்லை. பெரியநீலாவணையிலிருந்து காரைதீவு, நிந்தவூர் வரை பஸ்ஸில் போங்கள். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று மணி கோத்தாற்போல மாறி மாறி வரும். மதில் ஒன்றும் இல்லை. ஆனால் பாடசாலை வேறு, டியூஷன் வேறு, விளையாட்டுக் கழகம் வேறு. நமக்கு ரமழான் விடுமுறை என்பதால் தவணைக் கலண்டரும் வேறு. பல்கலைக்கழகமும் பிரிந்தது. வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க முடியாத யுத்த நிலைமையிலிருந்துதான் 1995 இல் ஒலுவிலில் நமக்கு ஒன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்தபோது ஒரு பிள்ளை பிறந்து, படித்து, பட்டம் பெற்று, கலியாணம் முடிக்கும் வரை பக்கத்து ஊர்ப் பிள்ளையோடு பேசவே தேவையில்லாத வாழ்க்கை உண்டாகிவிட்டது.

சிங்களப் பிள்ளைகளோடு பேச மொழி தடை என்று சொல்லலாம். இங்கே என்ன தடை? இரண்டு பாடசாலையிலும் ஒரே தமிழ் மொழிமூலப் புத்தகம், ஒரே நாளில் ஒரே வினாத்தாள். நாங்களும் "மறுகா" என்கிறோம், அவர்களும் "மறுகா" என்கிறார்கள்.

முஸ்லிம் பாடசாலைகளை மூடச் சொல்கிறான் என்று யாரும் குரல் பதிவு போட வேண்டாம். நமது பெண் பிள்ளைகள் இந்த அளவு படித்ததற்கு இந்தப் பாடசாலைகள்தான் காரணம். அதை நான் எங்கும் சொல்வேன். ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களைப் பாருங்கள். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், யாழ். இந்துக் கல்லூரியில் படித்தவர். 1942 இல் அரச அதிகாரியாகக் கல்முனைக்கு வந்தார். முஸ்லிம் கல்விக்காக இங்கே சங்கம் அமைத்தார். அதே காலத்தில் காரைதீவின் விபுலானந்த அடிகளோடு நெருங்கிப் பழகினார். தன் சமூகத்தின் கல்விக்கு உழைப்பதும் பக்கத்துச் சமூகத்தோடு உறவாக இருப்பதும் அவருக்கு ஒன்றோடொன்று மோதவில்லை. நமக்கு மட்டும் ஏன் மோதுகிறது?

"ஆய்வெல்லாம் பெரிய ஆக்கள் செய்யட்டும்" என்றும் ஒருவர் சொன்னார். 1969 இல் டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் அக்கரைப்பற்றில் வந்து தங்கினார். தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பேரின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். தாய்வழிக் குடி, மகளுக்கு வீடு கொடுப்பது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழ்வது என்று எவ்வளவு விடயங்கள் இரண்டு பேருக்கும் பொது என்று எழுதினார். 2008 இல் அவருடைய பெரிய நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. கடல் கடந்து வந்த மாணவருக்கு நமது மூத்தவாப்பாக்கள் கதவைத் திறந்து பதில் சொன்னார்கள். சொந்த ஊர்ப் பிள்ளை கொப்பியும் பேனையுமாக வந்தால் கதவைச் சாத்துகிறோம். நமது கதையை நாமே ஆங்கிலத்தில் வாங்கி வாசிக்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

சரி, வழி என்ன? பிள்ளைகள் யோசித்து வைத்திருப்பவற்றைச் சொல்கிறேன். சரிவருமா என்று கேட்டுப் பார்ப்பதும் ஆய்வின் ஒரு பகுதிதான்.

1. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் கணிதம், விஞ்ஞானக் கடந்தகால வினாத்தாள் கருத்தரங்கை இரண்டு பாடசாலையும் சேர்ந்து நடத்துவது. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே.

2. வதந்தி வந்தால் உடனே அழைத்துக் கேட்க இரண்டு ஊரிலும் ஐந்தைந்து பேரின் தொலைபேசி இலக்கங்கள். பள்ளிவாசல் தலைவரும் கோயில் தலைவரும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

3. மூத்தவர்களின் ஞாபகங்களை அவர்கள் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து இரண்டு பாடசாலை நூலகத்திலும் வைப்பது. மெளத்தான பிறகு தேடி அழுவதில் பயனில்லை.

4. வருடத்தில் ஒரு நாள், இரு தரப்பிலும் இழந்தவர்களை இரண்டு ஊர் மாணவர்களும் சேர்ந்து நினைவுகூர்வது. ஓகஸ்ட் 12 ஐப் பிள்ளைகளே தெரிவு செய்திருக்கிறார்கள்.

நான்காவது கடினம் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கடைசியில் வைத்தார்கள்.

கடைசி வினா ஒன்றும் இருந்தது, அதுதான் சிலருக்கு உண்மையான கோபம் என்று நினைக்கிறேன்: "உங்கள் ஊருக்குள்ளேயே நீங்கள் பேசாமல் இருப்பது யாரோடு, ஏன்?" பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல், ஜமாஅத்துக்கு ஜமாஅத், கட்சிக்குக் கட்சி நாங்கள் ஸலாம் சொல்லாமல் கடந்து போவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பக்கத்து ஊரைப் பற்றிக் கேட்கப் போனவர்கள் நம்மைப் பற்றியும் கேட்டுவிட்டார்கள். நேர்மையான ஆய்வு அப்படித்தான் இருக்கும்.

என் வேண்டுகோள் மூன்று. பெற்றோர்களே, திருப்பி வாங்கிய கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு மீண்டும் பிள்ளையிடம் கொடுங்கள். பயம் இருந்தால் நீங்களும் கூட வாருங்கள், தமிழ் ஊர் அதிபரும் அதைத்தான் விரும்புகிறார். நம்பிக்கையாளர் சபையினரே, இந்த ஆய்வு பற்றி மிம்பரில் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள். மூத்தவர்களே, பிள்ளைகள் வந்தால் தேநீர் வேண்டாம், பதில் சொல்லுங்கள். கசப்பான பதிலாக இருந்தாலும் சொல்லுங்கள், அவர்கள் தாங்குவார்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் குரல் பதிவை விட்டுவிட்டுப் பாடசாலைக்கு வாருங்கள். பிள்ளைகளிடமே நேரில் கேளுங்கள். கேட்பதற்குப் பயப்படாத பிள்ளைகள் அவர்கள்.

அல்லாஹ் நமது உள்ளங்களையும் அவர்களின் உள்ளங்களையும் இணைத்து வைப்பானாக. ஆமீன்.