தேவாலயமும் சங்கீத மண்டபமும்

லண்டனில் மேற்குக் கென்சிங்டன் என்னும் பகுதியில் பாரதீய வித்யா பவனத்தின் கிளை நடைபெறும் கட்டடம் முன்னாளில் கிறிஸ்தவ தேவாலயமாக இருந்தது. 1938ல் கே. எம். முன்ஷி பம்பாயில் ஸ்தாபித்த பவனம், 1972ல் லண்டனில் கிளை கண்டு, சில வருஷங்களில் அக்கட்டடத்தை அடைந்தது. ஜபம் நடந்த இடத்தில் இன்று கர்நாடக சங்கீதமும் வீணையும் மிருதங்கமும் கற்பிக்கிறார்கள், கச்சேரிகளும் நடக்கின்றன.

இதை நமது ஜயமென்று கொண்டாடும் நண்பர்கள் உளர். நமக்கு அது சம்மதமன்று. அந்நாட்டில் ஆலயத்துக்கு வருவோர் குறைந்தனர். கட்டடங்கள் விலைக்கு வந்தன. அதே நகரில் 1728ல் கட்டிமுடிந்த ஸ்மித் சதுக்கத்து செயிண்ட் ஜான் ஆலயம், 1941ல் ஜெர்மானியர் குண்டுக்கு இரையாகிப் பாழாய்க் கிடந்து, 1969ல் மேனாட்டுச் சங்கீத மண்டபமாகத் திறக்கப்பட்டது. அங்கே யார் யாரை ஜயித்தார்? (உயர்ந்த கூரையின் எதிரொலி கோஷ்டி கானத்துக்கு இசையும், மிருதங்கத்தின் துரித சொற்களையோ அது குழப்பிவிடும். ஆகவே, எந்த ஆலயமும் தானாகவே சபா ஆகிவிடாது.)

திண்டுக்கல் சீமையார் இவ்விஷயத்தில் மதத்துவேஷம் பேசுவது சிறிதும் பொருந்தாது. 1859ல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், உபாத்திமைப் பயிற்சிக்காகத் திண்டுக்கல்லில் இருந்தபோதுதான் சடையாண்டிப் பத்தரிடம் பிடில் பயின்றார். அந்தக் கிறிஸ்தவரே பின்னர் 1912 முதல் தஞ்சையில் சங்கீத மகாநாடுகளைக் கூட்டி, 1917ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். கற்பித்த பத்தர் சீடனின் மதத்தைப் பார்க்கவில்லை. சீடனும் குருவின் மதத்தைப் பார்க்கவில்லை.

நாம் வெட்கப்பட வேண்டியது வேறொன்று. அய்யலூரில் வியாழக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்கு மதுரை, திருச்சி வியாபாரிகள் விடியுமுன்னே வந்துவிடுகிறார்கள். பணப் புழக்கத்துக்குக் குறைவில்லை. ஆயினும் அவ்வூர்ப் பையன் ஒருவன் பிடில் கற்க ஆசைப்பட்டால் ரயிலோ பஸ்ஸோ ஏறித்தான் ஆகவேண்டும். கச்சேரி கேட்பதென்றாலோ, கல்யாண மண்டபத்தில் பந்தி இரைச்சலுக்கு நடுவே வித்துவான் பாடுவதைத்தான் கேட்கவேண்டும். பாவம், அவர் பாட்டை அங்கே கேட்பவர் யார்? கடல் கடந்து சென்றவர்கள் அந்நிய மண்ணில் நிதி திரட்டி ஒரு கூடம் தேடிக்கொண்டார்கள். சொந்த மண்ணில் இருக்கும் நமக்கு அம்முயற்சி ஏன் கைகூடவில்லை?

அரண்மனை போன்ற மண்டபத்தை நாம் கேட்கவில்லை. அய்யலூர்ப் பேரூராட்சியார் மாலைநேரத்துக்கு ஒரு கூடத்தை ஒழித்துத் தரட்டும். சந்தையில் லாபம் காணும் தனவந்தர்கள் ஓர் உபாத்தியாயருக்கு மாதச் சம்பளம் ஏற்றுக்கொள்ளட்டும். எல்லா ஜாதி மதப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, வருகிற விஜயதசமியன்றே பாடத்தை ஆரம்பிக்கலாம்.