தறி நின்றால் யாரைக் கூப்பிடுவது?

போன தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி நின்று போனது. பாவில் சிக்கலா? இல்லை. நாடா பழுதா? அதுவும் இல்லை. மேலே இருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டியில் விளக்கு எரியவில்லை. "நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற? என்னன்னு பாருடா" என்றார் அப்பா. பெட்டியைத் திறந்தேன்... பார்த்தேன்... மூடிவிட்டேன்!

வெளியூரிலிருந்து மெக்கானிக் வர ஒன்பது நாள் ஆனது. போர்டையே மாற்றிவிட்டுப் போனார். பாதி நெய்த சேலை பண்டிகைக்கு முடியவில்லை, கூலியும் வரவில்லை.

கழற்றிய போர்டை நம் லேபுக்கு எடுத்து வந்தேன். ஃபைனல் இயர் அண்ணன் ஒருவர் பார்த்த உடனே, "டேய், கெபாசிட்டர் உப்பியிருக்குடா" என்றார். பத்து ரூபாய்ச் சாமான்! மாற்றியதும் விளக்கு எரிந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. அந்த அண்ணனை ஒன்றரை வருஷமாகத் தெரியும். அவருக்கு இதெல்லாம் வரும் என்பதுதான் தெரியாது.

அதனால்தான் கேட்கிறேன் நண்பர்களே, இந்த மாதிரி போர்டுகளையும் அவற்றுக்குள் ஓடும் புரோகிராமையும் பிரித்து மேய, மாதம் ஒரு சனிக்கிழமை நாம் ஏன் ஒன்றாக உட்காரக் கூடாது?

"நமக்கெதுக்குப்பா, அதெல்லாம் பெங்களூர்ல பாத்துக்குவாங்க" என்பவர்கள் தறிக்கு மேலே கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜக்கார்டு செய்த ஏற்பாடு என்ன? அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும். கொக்கி இருந்த இடத்திலேயே இருந்து இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் ஊசி தள்ளப்பட்டுக் கொக்கி விலகிவிடும், இழை கீழேயே நிற்கும். ஒன்று, பூஜ்யம்... அவ்வளவுதான்! இப்போதைய பெட்டியில் அட்டைக்குப் பதில் மெமரி, ஊசிக்குப் பதில் காந்தச் சுருள், எதை எப்போது இழுப்பது என்று சொல்ல மைக்ரோகண்ட்ரோலர். பெட்டிக்குள் அடங்கி ஒரே வேலையைச் செய்யும் இந்தக் கம்ப்யூட்டரைத்தான் பாடத்தில் எம்பெடட் சிஸ்டம் என்று மனப்பாடம் செய்கிறோம். முந்தியில் வரும் அன்னமும் புரோகிராம்தான் ஐயா!

இப்படிக் கூடுவது ஒன்றும் புதிதில்லை. 1975 மார்ச் 5-ஆம் தேதி கலிபோர்னியாவில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் கூடியதுதான் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். ஆப்பிள்-1 சர்க்யூட்டின் வரைபடத்தை வோஸ்னியாக் அங்கே சும்மாவே கொடுத்தார். சென்னையில் லினக்ஸ் ஆர்வலர்கள் 1998-ல் குழு தொடங்கி மாதா மாதம் கூடினார்கள். நம் ஊர்ப் பெயரிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இணைய வழியில் கூட்டம் நடத்தியிருக்கிறது. நம்மில் யார் போனோம்? நானும் போனதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சால்டரிங் அயர்னைத் திரை வழியாகப் பிடிக்க முடியாதே!

ஒரே ஒரு பயம். இது செமினார் ஆகிவிடக் கூடாது. குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர்... வேண்டவே வேண்டாம். டீயும் மசால் வடையும் போதும். கெட்டுப்போன போர்டோடு நெசவுக்காரர் ஒருவர் வர வேண்டும். தறி எப்படி ஓடுகிறது என்று அவர் நமக்குச் சொல்ல வேண்டும். அது நமக்குத் தெரியாது என்பதே பலருக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் சரி செய்துவிடுவோம் என்று நான் பீற்றிக்கொள்ளவில்லை. சிப்புக்குள் இருக்கும் புரோகிராமைத் தயாரித்தவர் பூட்டியிருப்பார். நம் லேபில் கிடக்கும் 89எஸ்52-க்கே மூன்று லாக் பிட்கள் உண்டு. அதை உடைப்பது நம் வேலையுமில்லை. பவர் சப்ளை, சுருளை ஓட்டும் டிரான்சிஸ்டர், துருப்பிடித்த கனெக்டர் - இவை நம் கைக்கு எட்டும். மற்ற நேரத்தில் எட்டுக் கொக்கிக்கு ஒரு சின்னப் பெட்டியை நாமே செய்து புரோகிராம் எழுதிப் பார்க்கலாம். 8051-ல் உள்ள 128 பைட் ராம் அதற்குத் தாராளம்.

லேப் சனிக்கிழமை மதியம் பூட்டியே கிடக்கிறது. சாவிக்குத் துறைத் தலைவர் ஐயாவிடம் பேரவைச் செயலாளர்தான் பேச வேண்டும். முதல் மாதம் டீ செலவு என்னுடையது. வடைக்கு வேறு ஆள் பார்க்கவும்.