சரிவில் மிச்சம் பிடிக்கும் டீசல்

நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரத்தைக் குளக்கட்டிலிருந்து இறக்கும்போது, டீசல் மிச்சம் என்று நியூற்றலில் விடும் பழக்கம் எம்மவரிடையே உண்டு. இது கைவிடப்பட வேண்டும் என்பதே எமது கருத்து.

கியரில் இறங்கும்போது எஞ்சினே சில்லுகளின் வேகத்தைப் பிடித்து வைக்கிறது. பம்பும் டீசலை வெகுவாகக் குறைத்துவிடும். ஆகவே மிச்சம் என்பது வெறும் எண்ணம். நியூற்றலிலோ பெட்டியின் பாரம் முழுவதும் பிறேக்கின் மேல் விழும். தொடர்ந்து மிதித்தால் பிறேக் சூடேறிப் பிடிக்காது. பாதிச் சரிவில் மீண்டும் கியர் போடுவதும் கடினம். ஏறுவதற்கு எந்தக் கியரோ, இறங்குவதற்கும் அதே கியர். அதை மேட்டிலேயே போடுங்கள். இறங்கும்போது கிளச்சை மிதியாதீர்கள்.

வயலில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்ட இரண்டு பிறேக் மிதிகளையும் வீதிக்கு வருமுன் ஒன்றாகக் கொளுவுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கம் இழுத்துப் புரளக்கூடும்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்குப் பிடிக்கும் இயந்திரத்தில், மூட்டைகளின் மேல் பிள்ளைகளும் ஏறிவிடுகிறார்கள். அவர்களை இறக்கி நடக்க விடுங்கள். சாரதி யாராயினும், "கியரில் இறக்கு தம்பி" என்று சொல்லத் தயங்காதீர்கள். காணியையும் வீட்டையும் விட்டு வந்த நாம், ஒரு போத்தல் டீசலுக்காக ஓர் உயிரையும் இழக்கலாமா?