சம்பல் எரிந்தால் வாயைப் பார்க்க வேண்டும்

இலங்கை ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய், வாய்ப் புற்றுநோய். கண்ணாடி முன் வாயைத் திறந்தாலே தெரியக்கூடிய இடத்தில் வளரும் இந்த நோய், பெரும்பாலும் முற்றிய பிறகே வைத்தியசாலைக்கு வருகிறது. நாக்கு முன்கூட்டியே சொல்வதை நாம் நோயாக எண்ணாததே இதற்கு ஒரு காரணம். திகன, தெல்தெனியப் பக்கத் தோட்டமொன்றில் வெற்றிலை போடுகிறவர் “சம்பலை வாயில் வைக்க முடியல, எரியுது” என்றால், உறைப்பைக் குறைக்கச் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் உறைப்பு ஒரு சுவையே அல்ல. இனிப்பையும் கசப்பையும் அறிபவை சுவை மொட்டுகள்; அவற்றின் உயிரணுக்கள் ஏறக்குறைய பத்து நாட்களில் புதுப்பிக்கப்படுவதால், சூடு பட்டு மரத்த நாக்கு தானே தேறிவிடும். மிளகாய் தொடுவதோ வலியை உணரும் நரம்பை. வெற்றிலையோடு மெல்லும் பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், வாயின் உட்படலத்துக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. சுண்ணாம்பு அதற்குத் துணைபோகிறது. படலம் மெலிந்து வெளிறுகிறது, அதனால் மிளகாய் முன்னைவிட எரிக்கிறது, நாக்கின் சொரசொரப்பு தேய்கிறது, கன்னம் இறுகி வாய் திறப்பது குறைகிறது. இது பத்து நாளில் ஆறுவதில்லை. சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறுகிறது.

குற்றம் புகையிலையுடையது, வெறும் வெற்றிலை மருந்து என்பார்கள். ஆனால் புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது. தாம்பூலம் நம் மரபல்லவா என்ற கேள்விக்கும் பதில் உண்டு: கல்யாணத் தட்டில் வைப்பது வேறு, காலை முதல் மாலை வரை கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது வேறு. பசியையும் களைப்பையும் தாங்கத்தான் மெல்கிறார்கள் என்பதுதான் இவற்றில் கனமான வாதம். அது உண்மை. அதனால்தான் தடையைவிடப் பரிசோதனையைக் கேட்கிறேன். இரும்புச்சத்துக் குறைந்தாலும் நாக்கு எரியுமே என்றால், அதுவும் பார்த்துத் தீர்க்க வேண்டிய குறைதான். இந்தப் பரிசோதனைக்கு நிபுணர் தோட்ட லயத்துக்கு வரத் தேவையில்லை. அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்களே சிறிது பயிற்சியுடன் சந்தேகத்துக்குரிய வாய்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று, 1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான இலங்கை ஆய்வே காட்டியது. தாயையும் குழந்தையையும் பார்க்க வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் ஒரு டார்ச் லைட்டையும், “உறைப்பு எரியுதா? வாய் முழுசாத் திறக்குதா?” என்ற இரண்டு கேள்விகளையும் கொடுத்தால் போதும். சந்தேகம் என்றால் அனுப்பிவைக்கப் பேராதனையின் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது, கண்டியில் பஸ் மாறிப் போகும் தூரத்தில்.