பின் சீட்டில் இருப்பவருக்கு யார் பொறுப்பு?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். கூடவே, கேட்காமல் வந்து ஒட்டிக்கொண்ட வேலை ஒன்றும் உண்டு. குடோனில் சுமை தூக்குபவர்கள், டீக்கடைக்காரர், எதிர்வீட்டு டீச்சர் என்று அக்கம்பக்கத்து ஸ்கூட்டர்களுக்கெல்லாம் என் போனில் இன்சூரன்ஸ் புதுப்பித்துக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, ஃபுல் கவர் எல்லாம் வேண்டாம். தேர்ட் பார்ட்டி போதும். போலீஸ் கேட்டால் காட்ட ஒரு பேப்பர் இருக்கணும், அவ்வளவுதான்."

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதம். சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு மத்திய அரசு 2022-இல் நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி பிரீமியமோ வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. எது லாபம் என்று யாருக்கும் தெரியும்.

ஆனால் அந்த 714 ரூபாய் யாரைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால் பாதிப் பேருக்கு மேல் தவறாகச் சொல்வார்கள். நம் வண்டி யார் மீது மோதியதோ அவரைக் காப்பாற்றும். நம் பின்னால் உட்கார்ந்து வருகிறவரை, தவறு நம்முடையது என்றால், காப்பாற்றாது. தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில் பின் சீட்டுக்காரருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று திலக் சிங் வழக்கில் 2006-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபுல் கவர் எனப்படும் பேக்கேஜ் பாலிசி எடுத்திருந்தால் அவரும் அதில் அடக்கம் என்று 2009-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டது. இரண்டுமே பழைய சேதி. டீக்கடை வரைக்கும் வந்து சேரவில்லை.

இந்த ஊரில் தனியாக ஸ்கூட்டர் ஓட்டுகிறவரை எங்கே பார்க்கிறோம்? பின்னால் மனைவியோ, டியூஷனுக்குப் போகும் பெண்ணோ, தோப்பும்படி வரை இறக்கிவிடச் சொன்ன நண்பரோ கட்டாயம் இருப்பார்கள். ஜூன் மழையில், கைவண்டிக்கு வழிவிட ஒதுங்கும்போது வண்டி வழுக்குகிறது. மோதிய லாரியும் இல்லை, ஆட்டோவும் இல்லை. பின்னால் இருந்த மனைவிக்கு இடுப்பெலும்பு முறிவு. சட்டப்படி அந்த அம்மா நஷ்டஈடு கேட்க வேண்டியது தன் புருஷனிடம்தான். அவர் சட்டைப்பையில் என்ன இருக்கும் என்பது அந்த அம்மாவுக்கே நன்றாகத் தெரியும்.

இதே விபத்தில் தவறு வேறொரு வண்டியுடையது என்றால் அந்த வண்டியின் கம்பெனி பணம் கொடுத்தாக வேண்டும். அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்ன யோசனை ஓடும்? "ஏதாவது ஒரு ஆட்டோவைச் சேர்த்து எழுது" என்று யாராவது காதோரம் சொல்வார். பொய்க் கிளெய்ம் பெருகிவிட்டது என்று புலம்பும் கம்பெனிகள், அந்தப் பொய்க்குக் கதவைத் திறந்து வைத்திருப்பதில் தங்கள் பங்கையும் கொஞ்சம் பார்க்கலாம்.

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ஒரு முயற்சி செய்தது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து விற்கும் புது வண்டிகளுக்கு, ஓட்டுநர், பயணி, உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து ஐந்து வருஷ இன்சூரன்ஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல் என்று கம்பெனிகள் போய் நின்றன. அடுத்த மாதமே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நீதிமன்றம் சொல்லி எதுவும் நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்கில்தான், 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருஷமும் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருஷமும் தேர்ட் பார்ட்டி கட்டாயம் ஆனது. அதை மட்டும் எல்லா நிறுவனங்களும் தடையில்லாமல் வசூலிக்கின்றனவே!

பின் சீட்டையும் கட்டாய பாலிசிக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே என் கட்சி. பிரீமியம் கூடும், ஏழைகள் தாங்க மாட்டார்கள் என்பார்கள். ஏழையின் வீட்டில்தான் ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர் போகிறார்கள். (மூன்று பேர் போவது தப்பு, தெரியும்.) கூடுகிற தொகையை இத்தனை கோடி வண்டிகளுக்குப் பங்கு போட்டால் தலைக்கு எவ்வளவு வரும் என்று அரசு கணக்கைப் போட்டுக் காட்டட்டும், பிறகு பேசலாம். அதுவரை, பாலிசியின் முதல் பக்கத்தில் "பின்னால் அமர்பவருக்கு இது பொருந்தாது" என்று தமிழிலோ மலையாளத்திலோ பெரிய எழுத்தில் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

இப்போதெல்லாம் பட்டனை அழுத்துவதற்கு முன்னால், "பின்னாடி யாரை ஏத்துவீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். விஷயம் புரிந்ததும் சிலர் பேக்கேஜுக்குச் சம்மதிக்கிறார்கள். ஆனால் வயதான வண்டியாக இருந்தால் போன் திரையில் பல நேரம் அந்த வாய்ப்பே வருவதில்லை. எங்கள் குடோன் வாசலில் நிற்பவை பெரும்பாலும் அப்படிப்பட்ட வண்டிகள்தான்.