ஒரு 'ஆ'வோடு மூன்று மாதம்

ஃபேடரைத் தொடாதேங்கோ. ஸ்க்ராட்ச் பழகத் தொடங்குகிற யாரிடமும் நாங்கள் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். யூரியூப்பில் பத்து நிமிடம் தேடினால் போதும், விரல்களை வரிசையாக ஃபேடரில் தட்டி 'கிராப்' அடிக்கிற வீடியோக்கள்தான் வந்து விழும். பார்க்க வடிவாத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு முதல் நாளே விரலை ஆட்டத் தொடங்குகிற பெடியள், இரண்டாம் கிழமையோடு கொன்ட்ரோலரை விற்கப் போடுவதையும் கண்டிருக்கிறோம்.

நாங்கள் நாலு பேர், கலைப்பீடம். காசு சேர்த்து வாங்கிய பழைய டேர்ன்டேபிள் ஒன்று, ஒரு பக்கம் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற மிக்ஸர் ஒன்று, வாடகை அறையின் மூலையில் ஒரு மேசை. எங்களில் ஒருத்தி சின்ன வயதிலிருந்து மிருதங்கம் படித்தவள். மற்ற மூன்று பேருக்கும் தாளம் என்றால் கையைத் தட்டுவது மட்டும்தான். மூன்று மாதமாக ஒரே ஒரு 'ஆ' ஒலியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கிறோம். "ரேடியோ பழுதோ பிள்ளையள்?" என்று வீட்டுக்கார அன்ரி இரண்டு தரம் கேட்டுவிட்டா.

இதை ஏன் ஒரு கட்டுரையாக எழுதுகிறோம் என்றால், போன கலை விழாவுக்கு ஐந்து நிமிடம் தாருங்கோ என்று கேட்டபோது கிடைத்த பதில் இன்னும் உறுத்துகிறது. "இடைவேளையில பாட்டுப் போடுங்கோ, அது பிரச்சினையில்லை. நிகழ்ச்சியாப் போடேலாது. அது வாத்தியம் இல்லைத்தானே." சொன்னவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ட டிஜே எல்லாம் கலியாண மண்டபத்தில் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையை மேலே தூக்குகிறவர்கள்தான். அந்த வேலையையும் நாங்கள் குறைவாகச் சொல்லவில்லை, ஒரு கூட்டத்தை நாலு மணித்தியாலம் ஆட வைப்பது லேசில்லை. ஆனால் 'வாத்தியம் இல்லை' என்ற வசனத்துக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பதில் வாயில் இல்லை, கையில்தான் இருக்கிறது என்பது எங்கள் கட்சி.

வாத்தியம் என்றால் என்ன? ஒரே பொருளை இரண்டு பேர் தொட்டால் இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். பிழையாகத் தொட்டால் பிழையாகக் கேட்க வேண்டும். இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 செக்கன். மோட்டர் சுற்றும்வரை அது பாட்டுப் பெட்டி. கை வைத்த நிமிடத்திலிருந்து வேகம் உங்களுடையது, வேகத்தோடு சேர்ந்து சுருதியும் உங்களுடையது. வேகமாகத் தள்ளினால் ஒலி மேலே ஏறும், மெதுவாக இழுத்தால் கீழே இறங்கும். பேபி ஸ்க்ராட்ச் என்பது இவ்வளவுதான்: ஃபேடர் திறந்தபடி, முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஒரு இழுவை. இரண்டு வேகமும் ஒன்றாக இல்லாவிட்டால் அது உடனே காதில் விழும். ஃபேடரைத் தொட வேண்டாம் என்று நாங்கள் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஃபேடர் ஒலியை வெட்டும்போது கையின் தடுமாற்றத்தையும் சேர்த்து மறைத்துவிடும். மறைந்த பிழையைத் திருத்த முடியாது.

எங்களுக்குக் கை வந்த விதத்தைச் சொல்கிறோம். தட்டில் 'ஆ' தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினோம். கண்ணுக்குத் தொடக்கம் தெரிந்துவிட்டால் காது பயப்படாது. பிறகு நிமிடத்துக்கு 80 அடி போகிற வெறும் டிரம்ஸ் ஒன்றைப் போட்டுவிட்டு, மிருதங்கக்காரி சொல்லச் சொல்லத் தள்ளினோம். ஓர் அடிக்குத் 'தகதிமி' என்றால் முன், பின், முன், பின். ஒவ்வொரு அடியும் முன் தள்ளலில்தான் தொடங்கும், சுகம். 'தகிட' என்று மாற்றினாள், எல்லாரும் விழுந்தோம். மூன்று அசைவு என்பதால் முதல் அடி முன் தள்ளலில் தொடங்கினால் அடுத்த அடி பின் இழுவையில் தொடங்கும். கைக்கு அது பிடிக்காது, பின் இழுவையை அது எப்பவும் 'திரும்பி வாற வழி' என்றுதான் நினைக்கும். அந்த இழுவையும் ஒரு சொல்தான் என்று கைக்கு விளங்க எங்களுக்கு மூன்று கிழமை போனது. ஸ்க்ராட்ச் பழகுவதில் பெரிய கதவு அதுதான் என்று இப்போது நினைக்கிறோம். அதைத் தாண்டினால் 'டெயர்', அதாவது ஒரே தள்ளலை நடுவில் ஒரு கணம் நிறுத்தி இரண்டாக்குவது, தானாக வரத் தொடங்கும். ஸ்கிரிபிளும் அப்படித்தான். முழங்கைக்குக் கீழே தசையை இறுக்கிச் சின்னதாக நடுங்க விடுவது, அவ்வளவுதான்.

அதன் பிறகு ஃபேடர். ஃபோர்வேர்ட் ஸ்க்ராட்சில் தள்ளும்போது திறந்திருக்கும், திரும்பக் கொண்டுவரும்போது மூடியிருக்கும். சேர்ப் கொஞ்சம் குணம் காட்டும்: திறந்து தொடங்கி, தள்ளத் தள்ள மூட வேண்டும், இழுக்க இழுக்கத் திறக்க வேண்டும். இரண்டு கையும் ஒரே மூச்சில் போனால் குருவி கத்துகிற மாதிரி வரும். போகாவிட்டால் தும்மல் மாதிரி வரும். எங்களுக்கு இப்போது பாதிக் குருவி, பாதித் தும்மல்.

இதன் கதையைச் சொல்லும்போது எல்லாரும் ஒரு பையனையும் அவனுடைய அம்மாவையும் சொல்வார்கள். நியூயோர்க், பிரொங்ஸ், 1975 அளவில். கிராண்ட் விசர்ட் தியடோர் என்று பிறகு பெயர் எடுத்த பையன் அறையில் பாட்டைச் சத்தமாகப் போட்டிருக்க, அம்மா வந்து கத்த, அவன் தட்டைக் கையால் பிடித்தபடி நிற்க, கைக்குள் அசைந்த தட்டின் சத்தம் காதில் விழுந்ததாம். அழகான கதை. எங்களுக்கு அதில் பிடிக்காதது ஒன்றுதான்: அது ஏதோ அதிர்ஷ்டம் மாதிரிக் கேட்கிறது. தட்டைக் கையால் பிடித்தவர்கள் அதற்கு முன்னும் இருந்திருப்பார்கள். கேட்ட சத்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பழகி, அதைக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்ததுதான் அவர் செய்த வேலை. அவருக்கு முன்னோடியான கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தொழிற்பள்ளியில் இலத்திரனியல் படித்தவர். தட்டில் கிரேயனால் கோடு போட்டு, பாட்டின் எந்த இடம் எங்கே திரும்பி வரும் என்று கண்டுபிடித்தார். எங்கள் ஸ்டிக்கர் அந்தக் கோட்டின் பேரப்பிள்ளை. அவர்களுக்கும் முன்னால் 1973 ஆகஸ்ட் 11இல் செட்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் விருந்து வைத்த கூல் ஹேர்க் ஜமேய்க்காவில் பிறந்தவர்.

"உது அமெரிக்கன் சாமான், உங்களுக்கு ஏன்?" என்று கேட்கிற ஆக்களுக்கு இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லலாம். இன்னொன்றும் சொல்லலாம். ஸ்க்ராட்சை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனவர்களில் பெரிய பங்கு சான் பிரான்சிஸ்கோப் பக்கத்துப் பிலிப்பீன் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு. கிராப்பைப் பெயரெடுக்க வைத்த டிஜே கியூபேர்ட் அவர்களில் ஒருவர். பிரொங்ஸில் பிறந்ததை யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்தார்கள், ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைக்கவுமில்லை. அந்த நேர்மை எங்களுக்கும் வேண்டும். சும்மா ஒரு பறை அடியைத் தட்டில் ஏற்றிவிட்டு 'தமிழ் ஸ்க்ராட்ச்' என்று பேனர் அடிப்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

பறையையும் முயன்று பார்த்தோம், சொல்லாமல் விடக்கூடாது. ஓட்டோ ஹோர்ன், "அடேய்", மீன்காரரின் கூவல், எல்லாவற்றையும் ஃபோனில் பதிந்து ஒரு நண்பனின் கொன்ட்ரோலரில் போட்டுப் பார்த்தோம். பறை அடி பட்டென்று தொடங்கிப் பட்டென்று முடிவதால் தள்ள இடமில்லை. "அடேய்" அருமை: 'டே'யில் கூர்மையான வெட்டு, பிறகு நீளமான இழுவை. ஆனாலும் பழகுகிற காலத்துக்கு அந்தப் பழைய 'ஆ'தான் நல்லது. 1982இல் வந்த 'சேஞ்ச் த பீட்' தட்டின் கடைசியில் இருக்கிற இயந்திரக் குரல் அது, உலகம் முழுக்க அதில்தான் பழகுகிறார்கள். ஏற்ற இறக்கம் இல்லாமல் நேராக நிற்கிற ஒலி என்பதால் கோணுவது உங்கள் கை மட்டும்தான்.

சாமான் பற்றிச் சுருக்கமாக. ரப்பர் பெல்ட்டில் ஓடுகிற டேர்ன்டேபிள் வேண்டாம். தட்டைப் பிடித்தால் பெல்ட் வழுக்கும், விட்டால் வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். டிரெக்ட் டிரைவ் வேண்டும். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 நின்ற நிலையிலிருந்து 0.7 செக்கனில் முழு வேகத்துக்கு வந்துவிடும், அதனால்தான் இன்னும் அதைத் தேடுகிறார்கள். அதன் புதிய மொடலை வாங்க நாலு வருஷ மஹாபொலக் காசையும் சேர்த்தாலும் காணாது. வேறு கொம்பனிப் பழையது ஒன்று தேடுங்கோ, அல்லது சின்னக் கொன்ட்ரோலரில் தொடங்குங்கோ. சில்லு சுற்றாது, ஆனால் 'தகிட' அதிலும் அதே 'தகிட'தான். ஊசிக்கு மட்டும் கஞ்சம் பார்க்க வேண்டாம். முக்கியமாக, அம்மப்பாவின் பழைய தட்டுகளை இதற்கு எடுக்காதேங்கோ. ஒரே இடத்தில் ஊசி முன்னும் பின்னும் உரசினால் அந்த இடம் இரைச்சலாகிவிடும், பிறகு மீளாது.

அப்படி யாருடைய வீட்டு அலுமாரிக்கு மேலேயாவது டிரெக்ட் டிரைவ் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க முதல் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. வந்து தூக்கிக்கொண்டு போக நாலு பேர் இருக்கிறோம்.